திறவாத கதவுகள்

திருமறைக்காட்டுத் திருக்கோயிற் கதவின் வரலாற்றைச் சைவத் தமிழ் மக்கள் நன்கறிவர். வேதங்கள் அடைத்துச் சென்ற அக்கதவைத் திறப்பித்தற்கு அப்பர் சுவாமிகள் ஒரு பதிகம் முழுவதையும் பாட வேண்டியிருந்தது. திறந்த கதவை மீண்டும் அடைப்பித்தற்குத் திருஞானசம்பந்தப் பிள்ளையாருக்கு ஒரு பாட்டே போதியதாயிற்று என்று பெரியபுராணம் கூறும். அவ்வரலாற்றின் உட்பொருளைச் சமய அறிஞர் பலவாறு விரித்துரைப்பர். உலகியல் நோக்கிலே அதனுள் அடங்கிய ஓர் உண்மை எவர்க்கும் எளிதிற் புலப்படும். கதவை அடைத்தல் எளிது. அடைபட்ட கதவைத் திறத்தல் அரிது.

இக்காலத்து இல்லங்களிலே வாயிற் கதவும் அறைக் கதவுமேயன்றி வேறு சில கதவுகளும் உள. குளிர்சாதனப் பெட்டிக்கு ஒரு கதவு. சலவை இயந்திரத்துக்கு ஒரு கதவு. நுண்ணலை அடுப்புக்கு ஒரு கதவு. இவை நாள்தோறும் பன்முறை திறந்தும் மூடியும் பயன்படுவதால் வீட்டார் இவற்றைப் பற்றிச் சிந்திப்பதேயில்லை. ஒரு நாள் அவற்றுள் ஒன்று திறக்க மறுக்கும்போதுதான் சிந்தனை பிறக்கின்றது. பெரும்பாலும் சிந்தனைக்கு முன்னே சினம் பிறக்கின்றது. கைப்பிடியைப் பற்றி இழுக்கின்றனர். இடுக்கிலே திருப்புளியைச் செருகி நெம்புகின்றனர். ஈற்றிலே கைப்பிடி கையோடு வந்துவிடுகின்றது. பத்து நிமிடம் பொறுத்திருந்தால் தானே திறந்திருக்கக்கூடிய கதவு, பல்லாயிரம் ரூபாய்ச் செலவுக்கு வழி வகுத்து விடுகின்றது.

இத்தகைய கதவுகள் காரணமின்றித் திறக்க மறுப்பதில்லை. பெரும்பாலானவை எதையோ காத்து நிற்கின்றன. எதைக் காக்கின்றன என்று அறிந்தவர்க்கு அவற்றைத் திறக்கும் வழியும் தெரியும். எப்போது திறக்கலாகாது என்பதும் தெரியும்.

முதலில், முன்புறத்திலே வட்டக் கதவுடைய சலவை இயந்திரத்தை எடுத்துக் கொள்வோம். இவ்வகை இயந்திரம் ஒரு தடவையில் ஏறத்தாழ 10 முதல் 15 லீற்றர் வரை நீரைத் தன்னகத்தே கொள்ளும். அந்நீர் 60 பாகை செல்சியசு வெப்பமுடையதாகவும் இருக்கலாம். சில சலவை முறைகளில் 90 பாகையையும் எட்டலாம். துணிகளைப் பிழியும் வேளையில் உள்ளிருக்கும் உருளை நிமிடத்துக்கு 1000 முதல் 1400 தடவை வரை சுழலும். 48 சென்ரிமீற்றர் விட்டமுடைய உருளையொன்று நிமிடத்துக்கு 1200 தடவை சுழலுமாயின், அதன் விளிம்பு மணித்தியாலத்துக்கு 108 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகின்றது என்பது கணக்கு. நெடுஞ்சாலையில் விரையும் மோட்டர் வண்டியின் வேகம் அது. அந்நிலையில் கதவைத் திறந்து கையை உள்ளே நீட்டுபவரின் கதி என்னவாகும்? ஆதலினாலேதான் உருளை நின்று, நீர் வடிந்து, வெப்பம் தணியும் வரையும் கதவைப் பூட்டி வைக்கும்படி அவ்வியந்திரம் அமைக்கப்பட்டிருக்கின்றது.

அப்பூட்டு இயங்கும் முறை மிகவும் எளியது. கதவின் ஓரத்திலே ஒரு கொக்கி உண்டு. கதவை மூடும்போது அது இயந்திரத்தின் முகப்பிலுள்ள துளைக்குள்ளே சென்று மாட்டிக் கொள்ளுகின்றது. இயந்திரம் இயங்கத் தொடங்கியதும் பூட்டினுள்ளிருக்கும் ஒரு சிறு வெப்பமூட்டிக்கு மின்சாரம் பாய்கின்றது. அதன் அருகே ஈருலோகத் தகடு ஒன்று உண்டு. வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த அத்தகடு, சூடேறியதும் வளைகின்றது. வளைந்த தகடு ஓர் ஊசியைத் தள்ள, அவ்வூசி கொக்கியை விடுவிக்கும் பகுதியை அசையவொட்டாது தடுத்துவிடுகின்றது. சலவை முடிந்து மின்சாரம் நின்ற பின்னர், தகடு ஆறி நிமிர்வதற்கு ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ செல்லும். அதுவரையும் கதவு திறவாது. இதனை அறியாத பலர், இயந்திரம் நின்ற மறுகணமே கதவை இழுத்துக் கைப்பிடியை முறித்து விடுகின்றனர். கதவு திறவாதபோது செய்ய வேண்டிய முதற் காரியம் ஒன்றும் செய்யாதிருத்தலே. ஐந்து நிமிடம் காத்திருத்தல் சாலச் சிறந்த பழுதுபார்ப்பு.

புதிய இயந்திரங்கள் பலவற்றில் ஈருலோகத் தகட்டுக்குப் பதிலாகச் சிறிய மின்காந்தம் ஒன்று இவ்வேலையைச் செய்கின்றது. கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து ஒரு மின்துடிப்பு வந்தால் பூட்டும்; மற்றொரு துடிப்பு வந்தால் திறக்கும். இவ்வகைப் பூட்டு, நடுவிலே மின்சாரம் நின்றுவிட்டால், எவ்வளவு நேரம் சென்றாலும் தானாகத் திறவாது. 2022ஆம் ஆண்டில் இலங்கையிலே நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவிய காலமும் இருந்தது. அத்தகைய வேளைகளில் ஈரத் துணிகளை உள்ளே வைத்துக்கொண்டு கதவு மூடிக் கிடப்பது பழுதன்று. மின்சாரம் மீண்டதும் சலவை முறையை மாற்றி, நீரை வெளியேற்றும் முறையை மட்டும் தெரிந்தெடுத்தால், நீர் வடிந்ததும் கதவு திறந்துவிடும்.

கதவு திறவாமைக்கு மிகப் பெரும்பான்மையான காரணம் பூட்டில் இல்லை. உள்ளே தங்கிவிட்ட நீரிலேயே உளது. இயந்திரத்துக்குக் கண் இல்லை. உள்ளே நீர் இருக்கின்றதா என்பதை அது வளியின் அமுக்கத்தைக் கொண்டே அறிகின்றது. தொட்டியின் அடிப்புறத்திலிருந்து மெல்லிய குழாயொன்று மேலே செல்லுகின்றது. தொட்டியில் நீர் ஏறும்போது அக்குழாயினுள்ளே அகப்பட்ட வளி நெருக்கப்பட்டு, மேலேயுள்ள ஆளியை அமுக்குகின்றது. ஆளி அமுங்கியிருக்கும் வரையும் நீர் இருக்கின்றது என்பது இயந்திரத்தின் முடிபு. நீர் உண்மையாகவே வடியாதிருந்தாலும் இம்முடிபு வரும். அக்குழாயினுள்ளே பஞ்சும் சவர்க்காரக் கழிவும் அடைத்து வளி வெளியேற முடியாதிருந்தாலும் இம்முடிபே வரும். அளவுக்கு மிஞ்சிச் சவர்க்காரத் தூள் இட்டமையால் நுரை மிகுந்துவிட்டாலும் இயந்திரம் இவ்வாறே ஏமாறும்.

ஆகவே, ஐந்து நிமிடம் காத்திருந்தும் கதவு திறவாவிடின், கண்ணாடி வழியாக உள்ளே நோக்குதல் வேண்டும். நீர் தெரிகின்றதா? தெரியுமாயின் கதவைத் தொடுதலே ஆகாது. அதனை நெம்பித் திறந்தால் அவ்வளவு நீரும் தரையிலே கொட்டும்; கொதிநீராயின் காலிலே கொட்டும். நீர் தெரியாவிடினும் உருளையின் அடியிலே அது தங்கியிருத்தல் கூடும். முதலில் ஆளியை நிறுத்திச் செருகியைக் குதையிலிருந்து கழற்றிவிட வேண்டும். ஆளியை நிறுத்துவது மாத்திரம் போதாது. நீரும் மின்சாரமும் ஓரிடத்திலே கூடியிருக்கும்போது செருகி சுவரில் இருத்தலாகாது.

அடுத்து, கழிவுநீர்க் குழாயைப் பார்த்தல் வேண்டும். இயந்திரத்தைச் சுவரோடு ஒட்டித் தள்ளியதனால் குழாய் மடிந்து கிடக்கலாம். மடிப்பை நீக்கினால் வேலை முடிந்துவிடும். மடிப்பு இல்லையாயின் குழாயின் நுனியை எடுத்து, தரைமட்டத்திலே வைத்த அகன்ற பாத்திரமொன்றில் இட்டால், நீர் தன் பாரத்தினாலேயே வடியத் தொடங்கும். இவ்வழி மின்வெட்டு வேளையிலும் உதவும். வெந்நீர் இருக்குமென்று ஐயமிருந்தால் அது ஆறும் வரையும் பொறுத்திருத்தல் வேண்டும்.

அப்போதும் நீர் வடியாவிடின், பம்பியின் சல்லடை அடைத்திருக்கின்றது என்று கொள்ளலாம். பெரும்பாலான இயந்திரங்களில் முகப்பின் அடியிலே, ஒரு மூலையில், சிறிய மூடியொன்று இருக்கும். அதனைத் திறந்தால் திருகி எடுக்கக்கூடிய அடைப்பான் ஒன்று தோன்றும். அதன் கீழே ஒரு பழந்துணியையும் தட்டையான தட்டொன்றையும் வைத்து, அடைப்பானை இடப்புறமாக மெல்லத் திருக வேண்டும். நீர் ஒழுகத் தொடங்கியதும் நிறுத்தித் தட்டு நிரம்பும் வரையும் காத்திருந்து, மீண்டும் இறுக்கித் தட்டைக் கவிழ்த்து, இவ்வாறே நீர் முழுவதையும் எடுத்தல் வேண்டும். அவசரத்தில் அடைப்பானை முற்றாகக் கழற்றியோர் அறை முழுவதையும் கழுவ நேரும். நீர் வடிந்த பின்னர் சல்லடையை வெளியே எடுத்தால், வீட்டிலே காணாமற்போன பொருள்கள் பல அங்கே காணப்படும். சட்டைப்பையில் மறந்த நாணயம், கொண்டை ஊசி, பொத்தான், குழந்தையின் சிறு காலுறை முதலியனவே பம்பியின் சுழலியைத் தடுத்து நிற்பவை. அவற்றை அகற்றி, உள்ளேயிருக்கும் சுழலியை ஒரு சிறு குச்சியாலே தள்ளிப் பார்த்தல் வேண்டும். அது தடையின்றி அசைந்தால் அடைப்பு நீங்கிற்று. அடைப்பானை நன்றாக இறுக்கிச் செருகியை மாட்டி, நீர் வெளியேற்றும் முறையை ஒரு தடவை இயக்கினால், இயந்திரம் தானே கதவைத் திறந்துவிடும்.

அவ்வாறும் திறவாதபோது அவசரத் திறப்பை நாடலாம். இயந்திரங்கள் சிலவற்றில், மேற்கூறிய சல்லடையின் பக்கத்திலேயே, சிவப்பு அல்லது செம்மஞ்சள் நிறமுடைய சிறிய பிளாத்திக்கு நாக்கு ஒன்று தொங்கும். செருகியைக் கழற்றி, நீர் முற்றும் வடிந்துவிட்டது என்று உறுதிசெய்து, அதனை மெல்லக் கீழ்நோக்கி இழுத்தால் பூட்டு விடுபடும். இயந்திரத்தோடு வந்த கைந்நூலில் இது எங்கே இருக்கின்றது என்று படத்தோடு காட்டப்பட்டிருக்கும். கைந்நூலை வாங்கிய அன்றே எறிந்துவிடாது காத்து வைத்தோர்க்கு இவ்வேளையில் அதன் அருமை தெரியும்.

கதவின் கைப்பிடி முறிந்து போனமையாற் கதவு திறவாதிருத்தலும் உண்டு. அப்போது மீன் தூண்டிலுக்குப் பயன்படும் நைலோன் கயிறு போன்ற மெல்லிய உறுதியான கயிற்றைக் கதவுக்கும் முகப்புக்கும் இடையே நுழைத்து, பூட்டு இருக்கும் பக்கத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, இரு நுனிகளையும் பிணைச்சற் பக்கமாக இழுத்தால், கொக்கி சற்றே பின்வாங்கிக் கதவை விடும். இம்முறை கைப்பிடி பழுதான இடத்துக்கே உரியது. பூட்டூசி விழுந்திருக்கும்போது இதனாற் பயனில்லை. வலிந்து இழுத்தாற் கயிறு கையை அறுக்கும். வேறு சிலபோது, கதவின் மீது ஈரத் துணிக் கூடையை வைத்தோ கையை ஊன்றியோ பழகியதனால், பிணைச்சல் தளர்ந்து கதவு தாழ்ந்திருக்கும். கொக்கி துளைக்கு நேராக நில்லாது இறுகிவிடும். அவ்வாறாயின் ஒரு கையாற் கதவின் அடியை மெல்ல உயர்த்தி, பூட்டுப் பக்கத்தை உள்நோக்கி அமுக்கிக்கொண்டு கைப்பிடியை இழுத்தாற் போதும். பின்னர் பிணைச்சலின் திருகாணிகளை இறுக்கிவிட வேண்டும்.

பூட்டே பழுதாயின் அதனை மாற்றுவதும் பெரிய வித்தையன்று. கதவைச் சூழ்ந்திருக்கும் இறப்பர் வளையத்தை முகப்போடு பிடித்திருக்கும் கம்பி வளையத்தைக் கழற்றி, இறப்பரைச் சற்றே உள்ளே மடித்தால், பூட்டைத் தாங்கும் இரண்டு அல்லது மூன்று திருகாணிகள் முகப்பிலே விடுபட்டுப் பின்புறத்தில் பூட்டு கைக்கு வரும். பழைய பூட்டையும் இயந்திரத்தின் மாதிரி எண்ணையும் கடைக்குக் கொண்டு சென்று அதே வகையை வாங்குதல் வேண்டும். ஒன்றை மாத்திரம் ஒருவரும் செய்யலாகாது. பூட்டின் மின்கம்பிகளை நேரே இணைத்து, கதவு மூடாதபோதும் மூடியதுபோல இயந்திரத்தை ஏமாற்றுவோர் உளர். அவ்வாறு செய்யப்பட்ட இயந்திரம் கதவு திறந்த நிலையிலும் சுழலும். அது பழுதுபார்ப்பு அன்று, கண்ணி வைத்தலாகும்.

நுண்ணலை அடுப்பைப் பற்றி ஒரு சொல். அதன் கதவு திறவாவிடின் வெளியிலிருந்து பொத்தானைச் சரிபார்த்தலோடு வீட்டார் நின்றுவிட வேண்டும். அவ்வடுப்பினுள்ளே ஆயிரக்கணக்கான உவோற்று மின்னழுத்தம் உண்டு. செருகியைக் கழற்றிய பின்னரும் அதன் மின்கொள்ளளவியிலே உயிரைப் போக்கவல்ல மின்னேற்றம் தங்கியிருக்கும். அதன் உறையைத் திறத்தல் பயிற்சி பெற்ற தொழில்வினைஞருக்கே உரியது.

இனிக் குளிர்சாதனப் பெட்டிக்கு வருவோம். அதன் கதவை மூடிய உடனே மீண்டும் திறக்க முயன்றால், யாரோ உள்ளிருந்து பற்றி இழுப்பது போன்று தோன்றும். காரணம் இதுவே. கதவைத் திறந்தபோது வெளியிலிருந்த 30 பாகை வெப்பமுள்ள வளி உள்ளே புகுந்தது. கதவு மூடியதும் அவ்வளி குளிர்ந்து சுருங்குகின்றது. ஆதலால் உள்ளமுக்கம் வெளியமுக்கத்திலும் குறைகின்றது. இக்குறைவு சிறிதெனினும் அதன் வலிமை பெரிது. அரைச் சதுர மீற்றர் பரப்புள்ள கதவொன்றிலே, உள்ளமுக்கம் நூற்றில் ஒரு பங்கு குறைந்தாலும், வெளிவளி ஏறத்தாழ 50 கிலோகிராம் பாரத்துக்கு ஒப்பாகக் கதவை அழுத்தும். பிணைச்சலுக்கு எதிர்ப்புறத்திலுள்ள கைப்பிடியை இழுப்பவர் அதிற் பாதியையாவது வெல்ல வேண்டும். உறைபெட்டியின் கதவில் இது இன்னும் கூடுதலாகத் தோன்றும். இரண்டொரு நிமிடத்தில் விளிம்பின் வழியே வளி கசிந்து அமுக்கம் சமனாகிவிடும். கதவும் இலகுவாகத் திறக்கும்.

நெடுநேரம் சென்றும் திறவாவிடின் வேறு காரணங்கள் உள. கதவின் இறப்பர் விளிம்பிலே பாலோ பாணியோ சிந்தி உலர்ந்து பசையாகியிருக்கலாம். இளஞ்சூடான சவர்க்கார நீரிலே நனைத்த துணியால் விளிம்பு நெடுகிலும் ஒற்றி இளக்கித் திறந்து, பின்னர் நன்றாகத் துடைத்து உலர்த்த வேண்டும். உறைபெட்டியிற் பனிக்கட்டி படிந்து கதவைப் பிடித்திருந்தால், செருகியைக் கழற்றிப் பனி உருகும் வரையும் காத்திருப்பதே முறை. கத்தியாற் குத்துவோர், பனிக்கட்டியோடு குளிரூட்டும் குழாயையும் குத்திவிடுவர். இக்காலப் பெட்டிகள் பலவற்றில் அக்குழாயினுள் ஓடுவது ஐசோபியூற்றேன் என்னும் தீப்பற்றக்கூடிய வாயு என்பதையும் மறத்தலாகாது.

குளிர்சாதனப் பெட்டிக் கதவு இன்று ஒரு சிறுவனும் தள்ளித் திறக்கக்கூடியதாக இருக்கின்றதே, அதற்கு ஒரு துயர வரலாறு உண்டு. முற்காலத்துப் பெட்டிகளில் இறப்பர் விளிம்பை இறுக அமுக்கி வளி புகாது தடுப்பதற்கு உலோகத் தாழ் ஒன்று அமைந்திருந்தது. வெளியிலே கைப்பிடியைத் திருப்பினால் தாழ் விலகும். உள்ளிருந்து அதனைத் திறக்க வழியில்லை. பெட்டிக்குள் ஒருவர் இருக்கவேண்டிய தேவை என்ன என்று அதனைச் செய்தோர் எண்ணியிருப்பர். ஆயின் பெட்டிகள் பழுதடைந்து, பின்வளவுகளிலும் வெறுங்காணிகளிலும் எறியப்பட்டபோது, ஒளித்துப்பிடித்து விளையாடும் பிள்ளைகள் அவற்றினுள்ளே புகுந்தனர். கதவு மூடியது, தாழ் விழுந்தது. குளிரைக் காப்பதற்கு அமைந்த தடித்த சுவர் குழந்தையின் குரலையும் வெளியே விடவில்லை. பெட்டிக்குள்ளிருந்த சிறிதளவு ஒட்சிசன் விரைவிலே குறைந்தது. ஐக்கிய அமெரிக்காவிலே இவ்வாறு பல குழந்தைகள் உயிரிழந்தனர்.

அதன் விளைவாக அந்நாட்டுச் சட்டமன்றம் குளிர்சாதனப் பெட்டிப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. சனாதிபதி ஐசனோவர் 1956ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 2ஆம் நாள் அதிலே கையொப்பமிட்டார். 1958ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதம் 30ஆம் நாள் முதலாகச் செய்யப்படும் வீட்டுப் பெட்டிகளின் கதவு உள்ளிருந்து எளிதில் திறக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்பது விதி. தாழ்ப்பக்க ஓரத்தில் எவ்விடத்தில் உள்ளிருந்து தள்ளினாலும் 15 இறாத்தலுக்கு மேற்படாத விசைக்குக் கதவு திறக்க வேண்டும் என்று அளவும் வகுக்கப்பட்டது. தாழுக்குப் பதிலாக, இறப்பர் விளிம்பினுள்ளே காந்தப் பொருள் கலந்த பட்டியொன்றை வைக்கும் முறை பின்னர் எங்கும் பரவியது. அக்காந்தம் கதவை இறுகப் பிடிக்கும். ஆயின் ஒரு குழந்தையின் கைக்கு இணங்கும்.

இவ்விதியை வகுக்கும் முயற்சியோடு தொடர்பாக நடைபெற்ற ஆராய்ச்சியொன்று 1958ஆம் ஆண்டிலே பீடியாற்றிக்சு என்னும் குழந்தை மருத்துவ இதழில் வெளியாயிற்று. 2 வயது முதல் 5 வயது வரையுள்ள 201 பிள்ளைகள், தகுந்த பாதுகாப்போடு, பெட்டி போன்ற சிறு கூடங்களில் சிறிது நேரம் விடப்பட்டனர். அவர்கள் என்ன செய்கின்றனர் என்று ஆய்வாளர் நோக்கினர். நூற்றுக்கு 39 பேர் வெளியேறுவதற்குத் தெளிந்த முயற்சி செய்தனர். நூற்றுக்கு 37 பேர் பதற்றத்தோடு கை கால்களை அடித்தனர். எஞ்சிய நூற்றுக்கு 24 பேர் யாதொன்றும் செய்யாது, அல்லது மிகச் சிறிதே முயன்று, அப்படியே இருந்துவிட்டனர். தள்ளினால் திறக்கும் கதவுகளிலும் தள்ளிப் பார்த்தோர் நூற்றுக்கு 61 பேரே. இன்னுமொன்று நெஞ்சை உறுத்துவது. 5 வயதுப் பிள்ளைகளிற் பாதிப் பேர் குரல் எழுப்பவேயில்லை.

பெற்றோர் உளத்தில் இருத்த வேண்டியது இவ்வுண்மையே. அகப்பட்ட பிள்ளை கத்தும், கதவைத் தட்டும், நாம் ஓடிச் சென்று திறப்போம் என்று நம்பியிருத்தல் பயனற்றது. நால்வரில் ஒரு குழந்தை பேசாது காத்திருக்கும். ஆதலினாலே கதவு குழந்தையின் அறிவை எதிர்பாராது திறக்க வேண்டும். அல்லது குழந்தை புகமுடியாத இடத்திலே இருக்க வேண்டும்.

இந்நாளில் அவ்வாபத்து முற்றாக நீங்கிவிட்டதா? நீங்கவில்லை. காந்த விளிம்பு பழையதாகித் தளர்ந்ததும், கதவு தானே திறந்து கொள்ளுகின்றது என்று, வெளிப்புறத்திலே கொண்டியும் பூட்டும் பொருத்துவோரும் கயிற்றாற் கட்டி வைப்போரும் உளர். சில ரூபாய்களில் முடிந்த அப்பழுதுபார்ப்பு, 1956ஆம் ஆண்டுச் சட்டம் அகற்றிய அதே தாழை மீண்டும் வீட்டுக்குக் கொண்டு வருகின்றது. செய்ய வேண்டியது விளிம்பை மாற்றுதலே. ஒரு கடதாசித் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தால், எவ்விடத்தில் அது தடையின்றி வருகின்றதோ அவ்விடத்தில் விளிம்பு தளர்ந்துள்ளது என்று அறியலாம். விளிம்பைக் கழுவியும் பிடிப்பு வராவிடின் புதிய விளிம்பு பொருத்த வேண்டும்.

பழுதடைந்த பெட்டியை வெளியே போடுமுன் கதவைப் பிணைச்சலிலிருந்து கழற்றிவிடுதல் தலையாய கடமை. நான்கு திருகாணிகளைக் கழற்றும் வேலை அது. மேல்மூடியுள்ள பெரிய உறைபெட்டிகளின் திறப்பைப் பூட்டிலேயே விடாது, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்திலே வைத்தல் வேண்டும்.

சலவை இயந்திரத்தின் வட்டக் கதவோ, பெரும்பாலும் உள்ளிருந்து திறக்க முடியாதது. உருளை, சிறு குழந்தையின் கண்ணுக்கு விளையாட்டுக் குகை போலத் தோன்றும். அதனுள்ளே புகுந்து உயிரிழந்த குழந்தைகளும் உண்டு. பூஞ்சணம் பிடியாதிருக்கக் கதவைத் திறந்து வைத்தல் நலம் என்பது உண்மையே. ஆயின் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இறப்பர் வளையத்தை உலர்ந்த துணியால் துடைத்துக் கதவை மூடி வைத்தல் அதனிலும் நலம். துணிகளை இடுமுன் உருளையினுள்ளே ஒரு தடவை நோக்குவதும், ஆளியைப் போடுமுன் பிள்ளைகள் எங்கே என்று ஒரு தடவை எண்ணுவதும் வழக்கமாக வேண்டும். வீட்டுப் பூனையும் வெதுவெதுப்பான அவ்விடத்தை விரும்பும் என்பதை நினைவிற் கொள்ளலாம். இயந்திரத்திலே பிள்ளைப் பூட்டு என்று பெயர் பெற்ற பொத்தானும் ஒன்று உண்டு. பலவற்றில் அது பிற பொத்தான்களைத் தடுக்குமேயன்றிக் கதவைத் தடுப்பதில்லை. பெயரை நம்பி அமைதியுறாது, கைந்நூலைப் பார்த்து அது எதைத் தடுக்கின்றது என்று தெளிதல் வேண்டும்.

திறவாத கதவின் முன்னே நிற்பவர் இரண்டு வினாக்களைத் தம்முள்ளே எழுப்புதல் நன்று. இக்கதவு எதைக் காத்து நிற்கின்றது என்பது ஒன்று. வெந்நீரையோ சுழலும் உருளையையோ காத்து நிற்குமாயின், அதன் வேலை முடியும் வரையும் பொறுத்திருத்தல் வேண்டும். இக்கதவின் உட்புறத்திலே ஒரு குழந்தை இருந்தால் அதனால் வெளியே வர இயலுமா என்பது மற்றொன்று. முதல் வினாவை வீட்டார் கதவு திறவாத நாளிலே கேட்டாற் போதும். இரண்டாவது வினாவைக் கதவு நன்றாகத் திறக்கும் நாளிலேயே கேட்டுவிட வேண்டும்.